இரண்டு படை, ஒரே தளபதி!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நானும் எல்லோரையும் போல சாலிட்டேர்தான் ஆடிக்கொண்டிருந்தேன். அடையாறிலிருந்து மயிலாப்பூருக்கு வந்த அண்ணன் மகன், 'மேஜிக்: த கேதரிங் அரீனா' என்ற கேமை இன்ஸ்டால் செய்து கொடுத்தான். "சித்தப்பா, நீங்களே ஒரு டெக் கட்டுங்க. அடுத்த ஞாயிறு ஆடலாம்" என்று சவாலும் விட்டுப் போனான்.

இது 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய கார்டு விளையாட்டு. அதன் அரீனா பதிப்பு 2019இல் முழுமையாக வெளிவந்தது. இலவசமாகவே டவுன்லோட் செய்யலாம். இருவருக்கும் தலா 20 உயிர்ப் புள்ளிகள். நில கார்டுகள் 'மானா' என்ற சக்தியைத் தரும். அதைச் செலவழித்து உயிரினங்களை இறக்கி, எதிராளியின் புள்ளிகளைப் பூஜ்யமாக்க வேண்டும்.

நான் செய்த தவறு

எனக்கு டிராகன் பிடிக்கும், வாம்பயரும் பிடிக்கும். இரண்டையும் கலந்து டெக் கட்டினேன். பத்து ஆட்டத்தில் ஒன்பது தோல்வி! கார்டுகள் போதவில்லை என்று நினைத்து, பணம் கட்டி பூஸ்டர் பாக்கெட்டுகளும் வாங்கினேன். அப்போதும் தோல்விதான்.

குறை கார்டில் இல்லை, சேர்க்கையில் இருந்தது. என் டிராகன்களுக்குச் சிவப்பு மானா, வாம்பயர்களுக்குக் கறுப்பு மானா. வாம்பயரைப் பலப்படுத்தும் கார்டால் டிராகனுக்குப் பயனில்லை. ஒரே கட்டுக்குள் இரண்டு அரை டெக்குகள் இருந்தன.

கலாதேஷ் காட்டிய வழி

2016இல் இந்தியாவின் சாயலோடு 'கலாதேஷ்' என்ற கார்டு தொகுப்பு வந்தது. (2025இல் வந்த 'ஏதர்டிரிஃப்ட்' தொகுப்பில் இந்தக் கற்பனை உலகின் பெயர் 'அவிஷ்கார்' என்று மாறியது.) இதில் இரண்டு குட்டி இயந்திர இனங்கள் உண்டு. தரையில் நடப்பது சர்வோ, பறப்பது தாப்டர். இரண்டும் 1/1. அதாவது தாக்கும் பலம் 1, தாங்கும் பலம் 1.

'மாஸ்டர் டிரிங்கெட்டியர்' என்ற கார்டு இரண்டு இனத்துக்கும் சேர்த்து +1/+1 தருகிறது. மூன்று சர்வோ, இரண்டு தாப்டர் இருந்தால் மொத்தத் தாக்குதல் 5. டிரிங்கெட்டியர் ஒருவர் வந்தால் 10, இருவர் வந்தால் 15! சர்வோக்கள் தரையில் நின்று தடுக்கும், தாப்டர்கள் மேலே பறந்து தாக்கும். கச்சேரியில் வயலினும் மிருதங்கமும் போல வேலை வேறு, தாளம் ஒன்று.

60 கார்டு கணக்கு

● மாஸ்டர் டிரிங்கெட்டியர் - 4
● சர்வோ, தாப்டர்களை உருவாக்கும் கார்டுகள் - 20
● எதிரியை அகற்றுபவை, கூடுதல் கார்டு எடுக்க உதவுபவை - 12
● நிலம் - 24 (வெள்ளை மானாவுக்கு 13, நீல மானாவுக்கு 11)

அடிப்படை நிலங்கள் தவிர்த்து, ஒரே கார்டில் அதிகபட்சம் 4 பிரதிகள் வைக்கலாம். தளபதியில் நான்கையும் வையுங்கள். முதலில் கைக்கு வரும் 7 கார்டுகளில் அவர் இருக்கும் வாய்ப்பு அப்போது சுமார் 40 சதவீதம். ஒரே பிரதி என்றால் 12 சதவீதம்தான்.

டெக் கட்டும் பகுதியில் 'ஹிஸ்டாரிக்' வகையைத் தேர்வு செய்து, தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் சர்வோ என்று டைப் செய்யுங்கள். அடுத்து தாப்டர் என்று தேடுங்கள். உதாரணமாக, 'விஷனரி ஆக்மெண்டர்' களத்துக்கு வரும்போது இரண்டு சர்வோக்களைத் தரும். 'எக்ஸ்பெரிமெண்டல் ஏவியேட்டர்' இரண்டு தாப்டர்களைத் தரும்.

இல்லாத கார்டை 'வைல்ட்கார்டு' கொடுத்துப் பெறலாம். ஆடும்போதே வைல்ட்கார்டுகள் சேரும். ஆனால் 'ரேர்' வகை மெதுவாகத்தான் கிடைக்கும். டிரிங்கெட்டியர் அந்த வகை என்பதால் முதலில் அவருக்கே செலவிடுங்கள். பர்ஸைத் திறக்கும் முன் 'ஸ்பார்க்கி' என்ற கம்ப்யூட்டர் எதிராளியோடு ஆடிப் பாருங்கள். டெக்கின் ஓட்டை தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகனோடு மூன்று ஆட்டம் ஆடினேன். முதலாவது அவனுக்கு, அடுத்த இரண்டும் எனக்கு. "எவ்வளவு செலவு பண்ணீங்க, சித்தப்பா?" என்று கேட்டான். இந்த டெக்குக்கு ஒரு பைசா இல்லை. பூஸ்டருக்குக் கட்டிய பணத்தைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன்!