கார்த்திகைப்பூக் கிழங்கு: அவித்தாலும் நஞ்சு நீங்காது

கரவனெல்லப் பகுதியில் வீட்டு வேலியோரத்திலோ லயங்களின் பின்புறத்திலோ அழகுக்காகக் கார்த்திகைப்பூக் கொடியை வளர்ப்போர் அதன் கிழங்கின் இயல்பை அறிந்திருத்தல் அவசியமாகும். சிங்களத்தில் நியங்கலா என்றும், தமிழில் காந்தள், கலப்பைக்கிழங்கு என்றும் இக்கொடி வழங்கும். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே.

இதன் எல்லாப் பாகங்களிலும் கொல்ச்சிசின் என்னும் நஞ்சு உண்டு. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. மரவள்ளியை அவித்து உண்டு பழகியோர் எக்கிழங்கின் நஞ்சும் வெந்நீரில் நீங்கிவிடும் என எண்ணுதல் கூடும். கொல்ச்சிசின் அவ்வாறு அழிவதன்று. இக்கிழங்கை வற்றாளை என மயங்கி அவித்துண்டு உயிரிழந்தோர் இலங்கையில் உளர். இந்நஞ்சுக்குள்ளான ஒருவரின் உடல் முழுவதும் மயிர் உதிர்ந்த செய்தி 1966ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது.

இம்மயக்கம் நேர்வதற்குக் காரணம் யாது? மழைக்காலத்தில் கொடியை இனங்காணுதல் எளிது. இலையின் நுனி நூல்போற் சுருண்டு அயலிலுள்ள கொம்பைப் பற்றும். பூவின் ஆறு இதழ்களும் நெளிந்து மேல்நோக்கி வளைந்து, மஞ்சளும் சிவப்புமாய்த் தோன்றும். வறட்சியில் கொடி பட்டுப்போக, கிழங்கு மாத்திரம் மண்ணுள் உறங்கும். நெல் அறுவடையின் பின் வற்றாளை நட்ட வயலிலும், மரக்கறிப் பாத்தியிலும் கிழங்கு கிண்டுகையில் அதனைக் காட்டிக்கொடுக்க ஓரிலையும் இராது.

ஆதலால், களையவேண்டிய காலம் பூக்குங் காலமே. கொடியை அறுத்துவிடுதல் போதாது. கிழங்கை முழுமையாகத் தோண்டி எடுத்தல் வேண்டும். முளையுள்ள துண்டு எஞ்சினும் மீண்டுந் தளிர்க்கும். கிழங்கு பெரும்பாலும் கலப்பைபோல் இரு கவடாகக் கிளைத்திருக்கும். ஆயினும், வடிவத்தை மட்டும் நம்பலாகாது. ஐயத்திற்குரிய கிழங்கை மாட்டுக்கோ பன்றிக்கோ இடாது, பிள்ளைகளுக்கும் கால்நடைக்கும் எட்டாத இடத்தில் நன்கு உலர்த்தி ஆழப் புதைத்தல் வேண்டும். பின்னர் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். அழகுக்காக வளர்க்க விரும்புவோர் உணவுப் பாத்திக்கு அப்பால் சாடியில் வளர்ப்பாராக.

உண்டவருக்குச் சில மணி நேரத்தில் தொண்டை எரிவு, வயிற்றுவலி, வாந்தி, கடும் வயிற்றோட்டம் என்பன தோன்றும். அவை தணிந்தாலும் ஆபத்து நீங்கியதாகாது. அடுத்த நாட்களில் இரத்த அணுக்கள் குன்றி, உறுப்புக்கள் செயலிழத்தல் கூடும். ஆகையால், குறிகள் தோன்றுமுன்னரே, கைமருந்து கொடுத்துக் காலந் தாழ்த்தாது, 1990 சுவசெரிய அம்புலன்சு வண்டியை அழைத்தோ வேறு வாகனத்திலோ கரவனெல்ல ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். எஞ்சிய கிழங்கையும் உடன் எடுத்துச் சென்றால் வைத்தியர் நஞ்சை விரைவில் அறிவார்.

பூத்த கொடியின் அடியில் இன்று போடும் மண்வெட்டி, அறுவடை நாளில் ஒரு குடும்பத்தைக் காக்கும்.