மடிக்கணினி கொதிக்கிறதா? பெற்றோரும் பிள்ளைகளும் அறிய வேண்டியவை

இன்று நம் இல்லங்கள் பலவற்றில் மடிக்கணினி ஒன்று உண்டு. பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் உண்டு. மகள் தன் கல்லூரிக் கட்டுரையைத் தட்டச்சு செய்வதும், மூத்த மகன் வேலைக்கு விண்ணப்பம் அனுப்புவதும், அயல்நாட்டில் பணிபுரியும் தந்தை விடுமுறை நாளில் பிள்ளைகளின் முகம் பார்த்துப் பேசுவதும் அந்த ஒரே கருவியின் வழியாகத்தான். மாலை நேரத்தில் இளைய பிள்ளை விளையாடுவதும் அதிலேயே. சேமிப்பிலிருந்தோ, மாதத் தவணையிலோ, சில வேளைகளில் நகையை அடகு வைத்தோ வாங்கிய பொருள் அது.

விளையாட்டுத் தொடங்கிய கால் மணி நேரத்தில் அதன் விசிறி இரையத் தொடங்குகிறது. விசைப்பலகை கை வைக்க முடியாதபடி சுடுகிறது. சீராக ஓடிக்கொண்டிருந்த காட்சி திடீரெனத் திக்கித் திணறுகிறது. சில நேரங்களில் திரை இருண்டு கருவி தானாகவே அணைந்துவிடுகிறது. உடனே வீட்டில் இரண்டு தீர்ப்புகள் எழுகின்றன. "விளையாடி விளையாடியே கருவியைக் கெடுத்துவிட்டாய், இனி அதைத் தொடாதே" என்பது உம்மாவின் தீர்ப்பு. "இது பழசாகிவிட்டது, புதிது வாங்கித் தாருங்கள்" என்பது பிள்ளையின் தீர்ப்பு.

இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். பிள்ளை எவ்வளவு நேரம் விளையாடலாம், எதை விளையாடலாம் என்பது தனியே பேச வேண்டிய செய்தி. வெப்பத்தைப் பொறுத்தவரை, அது வெளியேற வேண்டிய வழி எங்கேயோ அடைபட்டிருக்கிறது என்பதே பெரும்பாலும் உண்மை. அந்த வழி எது, அடைப்பு எங்கே என்று அறிந்துகொண்டால், பல வீடுகளில் காசு செலவின்றியே இச்சிக்கல் தீர்ந்துவிடும்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

மடிக்கணினியின் உள்ளே மிகுதியாக உழைக்கும் சில்லுகள் இரண்டு. ஒன்று, கணக்குகளைச் செய்யும் மையச் சில்லு. மற்றொன்று, திரையில் தோன்றும் படங்களைத் தீட்டும் கிராஃபிக்ஸ் சில்லு. சில கருவிகளில் இவை இரண்டும் ஒன்றாகவே அமைந்திருக்கும். கடிதம் எழுதும்போது இவற்றுக்கு வேலை மிகக் குறைவு. விளையாட்டின்போதோ ஒவ்வொரு நொடியிலும் 60 முழுப் படங்களையோ, அதற்கும் மேற்பட்டவற்றையோ புதிதாகத் தீட்டித் தர வேண்டியிருக்கிறது. அதற்காக அவை உண்ணும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது.

எழுத்து வேலைக்கான சாதாரண மடிக்கணினியின் சார்ஜர் 45 அல்லது 65 வாட் அளவுடையது. விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட கருவிகளுடன் 180 வாட் முதல் 330 வாட் வரையிலான சார்ஜர்கள் தரப்படுகின்றன. நம் வீடுகளில் முன்பு எரிந்த 100 வாட் குண்டு பல்பை நினைத்துப் பாருங்கள். எரியும்போது அதைத் தொட முடிந்ததா? அத்தகைய பல்பு ஒன்றோ இரண்டோ தரும் வெப்பம், இரு விரல் கனமே உள்ள பெட்டிக்குள் பிறக்கிறது என்றால் அது சுடுவதில் வியப்பென்ன?

இந்த வெப்பத்தை வெளியேற்ற உள்ளே ஓர் அழகிய ஏற்பாடு இருக்கிறது. சில்லுகளின் மேல் செம்புக் குழாய்கள் பதிந்திருக்கும். காற்று அகற்றப்பட்டு மூடப்பட்ட அக்குழாய்களுக்குள் சிறிதளவு நீர் மட்டுமே இருக்கும். சூடான முனையில் அந்நீர் ஆவியாகி, குளிர்ந்த முனைக்கு ஓடி, வெப்பத்தை அங்கே இறக்கிவைத்துவிட்டு மீண்டும் நீராகும். பிறகு, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, குழாயின் உட்சுவரில் உள்ள திரி போன்ற படலத்தின் வழியே சூடான முனைக்கே திரும்பிவிடும். 1963ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் என்னும் அறிவியலாளர் செய்துகாட்டிய முறை இது. விண்கலங்களுக்குப் பயன்பட்ட அதே முறைதான் இன்று உங்கள் மேசை மீதுள்ள கருவியிலும் இருக்கிறது.

குழாயின் குளிர்ந்த முனையில் மெல்லிய உலோகத் தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். விசிறி, கருவியின் அடிப்புறத் துளைகளின் வழியே காற்றை இழுத்து அத்தகடுகளின் ஊடே செலுத்தி, பின்புறமோ பக்கவாட்டிலோ வெளியே தள்ளும். சில்லு, குழாய், தகடு, விசிறி, காற்று என்னும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி பழுதானாலும் வெப்பம் உள்ளேயே தேங்கிவிடும்.

அப்படித் தேங்கி, சில்லின் வெப்பநிலை ஏறத்தாழ 95 அல்லது 100 டிகிரி செல்சியசை எட்டும்போது, சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. காட்சி திணறுவதற்கு இதுவே காரணம். அதற்கும் அடங்காவிட்டால் கருவி தானாக அணைந்துவிடுகிறது. ஆகவே திணறலும் அணைதலும் கருவி நமக்கு விடுக்கும் எச்சரிக்கைகள். அவற்றைக் கேட்டு நடந்தால் பெரிய செலவைத் தவிர்க்கலாம்.

கத்திரி வெயிலும் ஒரு காரணம்

மடிக்கணினிகளை 35 டிகிரி வரையிலான அறை வெப்பத்தில் பயன்படுத்துமாறு தயாரிப்பாளர்கள் பலர் குறிப்பிடுகிறார்கள். வேலூரிலும் திருச்சியிலும் மதுரையிலும் கத்திரி வெயில் காலத்தில் வெளியே 40 டிகிரியைக் கடப்பது வழக்கம். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையின் நிலையைச் சொல்லவே வேண்டியதில்லை.

இதிலுள்ள கணக்கு எளியது. அறை 25 டிகிரியாக இருக்கும்போது குறிப்பிட்ட ஒரு விளையாட்டில் சில்லு 85 டிகிரியை அடைகிறது என்று வைத்துக்கொள்வோம். அறை 37 டிகிரியாக இருந்தால் அதே சில்லு ஏறத்தாழ 97 டிகிரிக்குப் போய்விடும். மார்கழியில் ஒழுங்காக ஓடியது சித்திரையில் திணறுவது இதனால்தான். கருவி கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். கோடையில் நண்பகல் விளையாட்டைத் தவிர்த்து, வெயில் தணிந்த பின், மின்விசிறியின் கீழ், காற்றோட்டமான அறையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முதலில் கவனிக்க வேண்டியது இடம்

மெத்தை, தலையணை, போர்வை, மடி ஆகிய நான்கும் மடிக்கணினிக்கு ஆகாத இடங்கள். பெயரில் மடி இருந்தாலும் விளையாட்டு நேரத்தில் அதை மடியில் வைக்கலாகாது. துணி அடிப்புறத் துளைகளை அடைத்துவிட்டால் விசிறி எவ்வளவு சுழன்றும் பயனில்லை. கடினமான மேசையே ஏற்றது. அதன் மேல் துணி விரிப்பும் வேண்டாம். கருவியின் பின்புறத்தை ஒரு விரற்கடை உயர்த்தி வையுங்கள்; இரண்டு பாட்டில் மூடிகளோ ஒரே அளவுள்ள இரு மரத்துண்டுகளோ போதும். மூடியோ துண்டோ காற்றுத் துளையின் மேல் படியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெப்பக் காற்று வெளிவரும் பக்கம் சுவரை ஒட்டியிருக்கக் கூடாது. கடையில் விற்கும் குளிரூட்டும் பலகையை வாங்குமுன் இதைச் செய்து பாருங்கள். பல வேளைகளில் இதுவே போதுமானதாக இருக்கும்.

இதில் பிள்ளையின் உடல் நலனும் அடங்கியிருக்கிறது. சுவிட்சர்லாந்து நாட்டின் பாசல் நகர மருத்துவர்கள் 2010ஆம் ஆண்டு, குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் 12 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார்கள். நாள்தோறும் சில மணி நேரம் கருவியை மடியில் வைத்து விளையாடிய அவனுடைய இடது தொடையில், சில மாதங்களில் வலை பின்னியதுபோல் நிறம் மாறிய தழும்பு படர்ந்துவிட்டது. கருவியின் இடப்புறம் மிகுதியாகச் சுடுவதை அவன் உணர்ந்தேயிருந்தான். விளையாட்டின் ஈடுபாட்டில் இடத்தை மாற்றவில்லை. தீப்புண் உண்டாக்காத இளஞ்சூடுகூட நாள்தோறும் ஒரே இடத்தில் பட்டால் தோலைக் கெடுக்கும். இத்தகைய பாதிப்பு ஆண்டுக்கணக்கில் நீடித்தால், அரிதாகத் தோல் புற்றுநோய்க்கும் இடமளிக்கக்கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

அடுத்தது, விளையாட்டின் அமைப்பு

2010ஆம் ஆண்டு 'ஸ்டார்கிராஃப்ட் 2' என்னும் விளையாட்டு வெளிவந்தபோது பலருடைய கணினிகள் அளவுக்கு மீறிச் சூடாயின. போர்க் காட்சிகளைவிட, ஒன்றுமே நடக்காத முகப்புத் திரைகளில்தான் இந்தத் தொல்லை மிகுந்திருந்தது. காரணம், அத்திரைகளில் ஒரு நொடிக்கு இத்தனை படங்கள் போதும் என்னும் வரம்பு இல்லை. வேலை எளிதாக இருந்ததால் கிராஃபிக்ஸ் சில்லு கண்ணுக்குத் தேவையே இல்லாத எண்ணிக்கையில் படங்களைத் தீட்டிக்கொண்டே இருந்தது. பின்னர் தயாரிப்பு நிறுவனமே வரம்பு வைக்கும் வழியைச் சொல்லிக்கொடுத்தது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் பெரிது. விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில் நொடிக்கு எத்தனை படங்கள் என்பதற்கு வரம்பு வைக்கும் இடம் பெரும்பாலும் இருக்கும். அதை 60 என்று வைத்துவிட்டால், திரையும் 60 படங்களையே காட்டக்கூடியது எனில், பிள்ளைக்குக் காட்சியில் பெரிய வேறுபாடு தெரியாது. சில்லுக்கோ வேலை குறைந்துவிடும். நிழல், ஒளிச்சிதறல் போன்ற அலங்காரங்களை ஒரு படி குறைப்பதும் நல்லது. விண்டோஸ் கருவிகள் பலவற்றில், மின்சார அமைப்புப் பகுதியில் மையச் சில்லின் உச்ச அளவை 100 விழுக்காட்டிலிருந்து 99 ஆக மாற்றலாம். ஒரே ஒரு விழுக்காடுதானே என்று எண்ண வேண்டாம். சில்லு தன் இயல்பு வேகத்திற்கு மேல் தாவுவதை இந்த மாற்றம் பல கருவிகளில் நிறுத்திவிடும். வெப்பம் கண்கூடாகக் குறையும்.

மூன்றாவது, தூசு

ஓரிரு ஆண்டுகள் பழகிய கருவியில், விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையே தூசும் நூலும் முடியும் சேர்ந்து கம்பளித் துண்டுபோல் படிந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கருவியை அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கி, வெப்பக் காற்று வெளியேறும் துளைகளில் குறுகிய இடைவெளி விட்டு விட்டுக் காற்றை ஊதலாம். உள்ளே விசிறி தாறுமாறாகச் சுழல விடக் கூடாது. நீண்ட நாள் படிந்த தூசு எனில், பழுது பார்ப்பவரிடம் கொடுத்துத் திறந்து துடைப்பதே முறை. அப்போது சில்லுக்கும் செம்புக்கும் இடையிலுள்ள தெர்மல் பேஸ்ட் உலர்ந்திருந்தால் அதையும் மாற்றித் தரச் சொல்லுங்கள். வாரண்டி காலம் முடியாதிருந்தால், தயாரிப்பாளரின் சேவை மையத்திற்கே எடுத்துச் செல்லுங்கள்.

சூட்டைத் தணிக்கக் கருவியைக் குளிர்பெட்டிக்குள் வைப்பது, ஈரத் துணியால் போர்த்துவது, பனிக்கட்டியை அடியில் வைப்பது ஆகியவற்றை ஒருபோதும் செய்யாதீர்கள். குளிர்ந்த உலோகத்தின் மேல் காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியும். அந்த ஒரு துளி போதும், கருவியைப் பாழாக்க.

மின்கலத்தை அலட்சியம் செய்யாதீர்

வெப்பம் மிகுதியாக வாட்டுவது பாட்டரியைத்தான். லித்தியம் அயன் மின்கலம் சூட்டில் விரைவில் மூப்படையும். உள்ளே வாயு உண்டாகி உப்பவும் கூடும். கருவி மேசையில் சமமாக உட்காராமல் ஆடுவது, சுட்டித் தகடு மேலெழும்பி நிற்பது, மூடி சரியாக மூடாதிருப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். இவற்றைக் கண்டால் அன்றே பயன்பாட்டை நிறுத்திவிடுங்கள். சார்ஜ் செய்யாதீர்கள், குத்தியோ அழுத்தியோ பார்க்காதீர்கள், குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். தக்கவரிடம் கொடுத்து மாற்றுங்கள்.

2006ஆம் ஆண்டு, சோனி தயாரித்த மின்கலங்கள் தீப்பற்றக்கூடும் என்பதால் டெல் நிறுவனம் ஏறத்தாழ 41 லட்சம் மடிக்கணினி மின்கலங்களையும், ஆப்பிள் நிறுவனம் ஏறத்தாழ 18 லட்சத்தையும் திரும்பப் பெற்றன. அது தயாரிப்பிலேயே நேர்ந்த குறை. ஆயினும் சூடேறிய மின்கலம் எதைச் செய்ய வல்லது என்பதற்கு அது சான்று. ஓடிக்கொண்டிருக்கும் கருவியை மெத்தை மேல் விட்டுவிட்டு உறங்கச் செல்லும் வழக்கம் எந்த இல்லத்திலும் இருக்கலாகாது.

பிள்ளையின் கையில் ஒரு குறிப்பேடு

வாசகப் பெருமக்களே! இவற்றையெல்லாம் நீங்களே செய்து முடிக்க வேண்டியதில்லை. பிள்ளையின் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுங்கள். 'எச்.டபிள்யூ.இன்ஃபோ' போன்ற இலவச மென்பொருள் சில்லின் வெப்பநிலையை எண்ணாகக் காட்டும். ஒரே விளையாட்டை அரை மணி நேரம் விளையாடி, அந்த எண்ணைக் குறிக்கச் சொல்லுங்கள். அடுத்த நாள், ஏறக்குறைய அதே நேரத்தில், பின்புறத்தை உயர்த்தி வைத்து மீண்டும் குறிக்கட்டும். அதற்கடுத்த நாள் 60 என்னும் வரம்பை வைத்துக் குறிக்கட்டும். ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு மாற்றம். பக்கத்தில் அதன் பயன்.

ஒரு வாரத்தில் அந்தக் குறிப்பேடு உண்மையைச் சொல்லிவிடும். எண் இறங்கினால் புதிய கருவிக்கான பேச்சு தேவையற்றுப் போகும். இறங்காவிட்டால், பழுது பார்ப்பவரிடம் "சூடாகிறது" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதற்குப் பதில், என்னென்ன செய்தும் எத்தனை டிகிரியில் நிற்கிறது என்று சொல்ல முடியும். தேவையற்ற உதிரிபாகத்தை அவர் நம் தலையில் கட்டவும் முடியாது. அக்காவின் தேர்வுக் கட்டுரை இருக்கும் கருவியை அணையாமல் காப்பது தன் பொறுப்பு என்பதைப் பிள்ளையும் அந்தக் குறிப்பேட்டின் வழியே கற்றுக்கொள்வான்.