இரட்டை வன்வட்டு: லினக்ஸ் கணிப்பொறிக்குக் கண்ணாடிப் படி அமைத்தல்

ஏட்டுச் சுவடிகளிற் பயின்ற நம் முன்னோர் ஓர் உண்மையை நன்குணர்ந்திருந்தனர். ஒரு நூல் ஒரே படியாக இருக்குமாயின் அஃது அழிவின் வாயிலில் நிற்பதேயாகும். கறையானும் ஈரமும் தீயும் அதனை எந்நாளும் எதிர்நோக்கியிருக்கும். ஆதலின் பழஞ்சுவடி சிதையுமுன் புதுச் சுவடியிற் பெயர்த்தெழுதி வைத்தலை ஒரு கடமையாகவே அவர்கள் கொண்டனர். மகாமகோபாத்தியாயர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1887-ஆம் ஆண்டிற் சீவக சிந்தாமணியையும் 1892-இற் சிலப்பதிகாரத்தையும் பல பிரதிகளை ஒப்புநோக்கி அச்சிட இயன்றது, அவ்வாறு படியெடுத்து வைத்தோர் ஊர்தோறும் இருந்தமையாலன்றோ?

இக்காலத்தில் ஓலையின் இடத்தை வன்வட்டு பற்றிக்கொண்டது. கல்லூரியின் மதிப்பெண், கடையின் கணக்கு, ஆராய்ச்சியாளரின் பல்லாண்டு உழைப்பு ஆகிய யாவும் உள்ளங்கையளவான ஒரு பெட்டியினுள் அடங்கிவிடுகின்றன. அப்பெட்டியோ முன்னறிவிப்பின்றி ஒருநாள் வாளாவிருந்துவிடும். அதற்குத் தக்க காவல் யாது என்பதையும், அக்காவலை அமைக்குங்கால் வட்டுக்களை எவ்வாறு பகுத்தல் வேண்டும் என்பதையும் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

மதுரையினின்று கொல்லம் நோக்கிச் செல்லும் பெருவழியில், ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சற்று முன்னர், மேற்கே மலைத்தொடர் தோன்ற அமைந்தது கிருஷ்ணன்கோவில் என்னும் ஊர். 1984-ஆம் ஆண்டில் அங்குத் தொடங்கப்பெற்ற கலசலிங்கம் பொறியியற் கல்லூரி இன்று பல்கலைக்கழக நிலையினை எய்தியுள்ளமை அன்பர்கள் அறிந்ததே. அவ்வூரில் எம் நண்பரொருவர் மாணவர்தம் ஆய்வேடுகளைத் தட்டச்சிட்டுக் கட்டித்தரும் சிறு நிலையமொன்றை நடத்திவருகின்றார். அவருடைய கணிப்பொறியில் இரண்டு வட்டுக்களைப் பொருத்தி, ஒன்றில் எழுதுவதெல்லாம் மற்றொன்றிலும் எழுதப்படுமாறு யாமே அமைத்துக் கொடுத்திருந்தோம். ஆய்வேடுகளை ஒப்படைக்கும் நாள் நெருங்கிய ஒரு காலையில் முதல் வட்டு உயிர் நீத்தது. நண்பர் சிறிதும் கலங்கவில்லை. இரண்டாம் வட்டு உள்ளதன்றோ என்று பொத்தானை அழுத்தினார். துவக்குதற்குரிய வட்டு எதுவும் இல்லை என்று திரை கூறிற்று! பண்டம் முழுதும் உள்ளே பத்திரமாக இருந்தது. அறைக்குக் கதவுதான் இல்லை. கதவு முதல் வட்டில் மட்டுமே இருந்தது. அப்பிழை எம்முடையதே. அப்பிழையினின்று யாம் கற்றதே இக்கட்டுரை.

கண்ணாடிப் படி என்பது யாது?

1988-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து அறிஞர்களாகிய பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர், விலை மிகுந்த ஒரு பெருவட்டுக்கு மாறாக விலை குறைந்த பல சிறு வட்டுக்களை ஒருங்குசேர்த்துப் பயன்கொள்ளலாம் என்று ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். ரெய்டு என்னும் பெயர் அதனாற் பரவிற்று. அதன்கண் வகுக்கப்பட்ட முறைகளுள் முதலாம் நிலை என்பதே கண்ணாடிப் படி. ஒருவன் கண்ணாடிமுன் நின்று கையுயர்த்தினால் நிழலும் கையுயர்த்துவதுபோல, ஒரு வட்டில் எழுதும் ஒவ்வோர் எழுத்தும் மற்றதிலும் அக்கணமே எழுதப்படும். ஒன்று பழுதுறினும் மற்றது வேலையை நடத்தும். இரண்டு வட்டின் விலைக்கு ஒரு வட்டின் இடமே கிடைக்கும் என்பது இதன் செலவு.

இதற்கெனத் தனிக்கருவி வாங்குவாரும் உளர். ஆயின் 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் தொடங்கிய லினக்ஸ் இயக்கமுறையின் கருவினுள்ளேயே இவ்வாற்றல் அமைந்துள்ளது. நீல் பிரவுன் என்பார் இயற்றிய எம்டிஆடம் என்னும் நிரல் அதனை ஆளும் கைக்கருவியாம். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் அக்கருவையே அடிப்படையாகக் கொண்டது. தனிக்கருவி பழுதுற்றால் அதே இனத்துக் கருவியைத் தேடி அலைதல் நேரும். மென்பொருளால் அமைந்த இரட்டையையோ வேறெந்த லினக்ஸ் கணிப்பொறியிற் பொருத்தினும் படித்துவிடலாம். சிறு நிலையங்களுக்கு இஃதொரு பெரும் நன்மை.

முடிச்சு எங்கே உள்ளது?

இரண்டு வட்டும் சேர்ந்து ஒன்றாகும் வித்தையைச் செய்வது லினக்ஸ் கரு. அக்கருவோ வட்டினுள்ளேதான் உறங்குகின்றது. அதனை எழுப்பி நினைவகத்துக்குக் கொணர்தல்வேண்டும். எழுப்புவது யார்? தாய்ப்பலகையில் பதிந்துள்ள பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ என்னும் தொடக்க நிரல். அதற்கு இரட்டை என்பது தெரியாது; ஏதேனும் ஒரு வட்டை மட்டுமே அது நோக்கும். பெட்டியின் திறவுகோல் பெட்டிக்குள்ளேயே பூட்டப்பட்டதை ஒக்கும் இந்நிலை. ஆதலின் ஒவ்வொரு வட்டும் மற்றதன் துணையின்றித் தானே எழுந்து நிற்கத்தக்கதாகப் பகுக்கப்படுதல் வேண்டும். இவ்வொரு விதியினின்றே ஏனைய விதிகள் யாவும் பிறக்கின்றன.

பகுப்பு அட்டவணை

பழைய முறையில் வட்டின் முதல் 512 பைட்டுக்களே தலைமையிடம். அவற்றுள் 446 பைட்டுக்கள் துவக்க நிரலுக்கும், 64 பைட்டுக்கள் நான்கு பகுதிகளின் விவரத்திற்கும், எஞ்சிய 2 அடையாளக் குறிக்கும் உரியன. இவ்வட்டவணை 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட இடத்தைக் குறிக்கவியலாது. ஜிபிடி என்னும் புதிய முறைக்கு அத்தடை இல்லை. மேலும் அது தன் அட்டவணையை வட்டின் தொடக்கத்தில் ஒன்றும் இறுதியில் ஒன்றுமாக எழுதிவைக்கின்றது. படியெடுத்து வைக்கும் பழக்கம் அட்டவணைக்குள்ளும் புகுந்துள்ளமை காண்க! புதிதாக அமைப்போர் ஜிபிடியையே கொள்ளுதல் நன்று.

ஒவ்வொரு வட்டையும் நான்கு பகுதிகளாக்கலாம்.

முதற்பகுதி கதவு. பழைய பயாஸ் ஆயின் கிரப் என்னும் துவக்கி தங்குதற்கு 1 மெகாபைட் போதும். அதிற் கோப்பமைப்பு எதுவும் வேண்டா. யூஇஎஃப்ஐ ஆயின் 512 மெகாபைட் அளவில் ஃபாட் முறையில் அமைந்த தனிப்பகுதி வேண்டும். இம்முதற்பகுதியை இரட்டையிற் சேர்த்தலாகாது. தொடக்க நிரல் ஒரு வட்டிலுள்ள பகுதியில் மட்டும் தானே ஏதேனும் எழுதிவிடக்கூடும். அங்ஙனம் எழுதின் இரு படிகளும் வேறுபடும். லினக்ஸோ அதனை அறியாது. ஆதலின் இரண்டு வட்டிலும் இப்பகுதியைத் தனித்தனியே அமைத்து, துவக்கி நிரலை இரண்டிலும் நிறுவுதலே நேர்வழி.

இரண்டாம் பகுதி, கருவும் அதன் துணைக்கோப்புக்களும் உறையும் பூட் பகுதி. இதற்கு 1 கிகாபைட் அளிக்கலாம். மூன்றாவது நினைவகத்துக்குத் துணையாகும் மாற்றிடம். நான்காவது எஞ்சிய பேரிடம். இம்மூன்றும் தனித்தனி இரட்டைகளாகும். மாற்றிடத்திற்கு இரட்டை எதற்கு என்று சிலர் வினவுவர். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் ஒரு கூறு அங்கே வைக்கப்பட்டிருக்கும்போது அவ்வட்டு மாயுமாயின் நிரலும் உடன் மாயும். பண்டம் பிழைக்கும், ஆயின் வேலை நடுவில் அறும். ஆகலின் அதற்கும் இரட்டை வேண்டுவதே.

வட்டின் கடைசியிற் சிறிது இடத்தை வெறுமையாக விடுதலும் இன்றியமையாதது. ஒரே அளவினவென்று விற்கப்படும் வட்டுக்கள் உண்மையிற் சிறிது கூடியும் குறைந்தும் இருக்கும். நாளை வாங்கும் மாற்று வட்டு ஓர் இழையளவு சிறிதாயினும் அதனை இரட்டையிற் சேர்க்கவொண்ணாது. 1 கிகாபைட்டை இன்று விடுதல் நாளை வரும் பெருந்தொல்லையைத் தவிர்க்கும்.

குறிப்பேடு வைக்கும் இடம்

இரட்டையில் யார் யார் உறுப்பு என்னும் குறிப்பை எம்டிஆடம் ஒவ்வொரு பகுதியிலும் எழுதும். 1.0 என்னும் வகை அக்குறிப்பைப் பகுதியின் இறுதியில் வைக்கும், 1.2 என்னும் வகை தொடக்கத்தினின்று 4 கிலோபைட் தள்ளி வைக்கும். இறுதியில் வைத்தால், இரட்டையை அறியாத நிரலுக்கும் அப்பகுதி தனிப்பகுதிபோலவே தோன்றும். பழைய துவக்கிகள் அதனால்தான் இறுதிக் குறிப்பை வேண்டின. இக்காலத்துக் கிரப் 2 இருவகையும் படிக்கவல்லது. ஆயினும் பூட் பகுதிக்கு 1.0 வகையும் ஏனையவற்றுக்கு 1.2 வகையும் கொள்ளுதல் தீங்கற்ற வழக்கமாம்.

செய்முறை

முதல் வட்டைப் பகுத்து முடித்தபின், அதன் அட்டவணையை இரண்டாம் வட்டில் அப்படியே பெயர்த்தெழுதலாம். எதினின்று எதற்கு என்பதில் ஒருகால் தவறினாலும் உள்ளதும் போய்விடும். இயக்கமுறை வட்டுக்கு இடும் பெயர் துவக்கந்தோறும் மாறவும் கூடும். ஆதலின் வட்டின்மேல் அச்சிட்டுள்ள வரிசை எண்ணை ஒப்பிட்ட பின்னரே கைவைத்தல் வேண்டும். பெயர்த்தபின் இரண்டாம் வட்டுக்குப் புதிய அடையாள எண் அளிக்கவேண்டும். இரட்டையர்க்கும் பெயர் வேறன்றோ?

பின்னர் இரட்டைகளை எம்டிஆடம் கொண்டு ஆக்கி, அவற்றின்மேற் கோப்பமைப்பை நிறுவுக. இரு வட்டும் ஒத்துவருதற்குச் சிறிது காலம் செல்லும். நொடிக்கு 150 மெகாபைட் வீதம் ஓடும் வட்டாயின் 1 டெராபைட்டை ஒத்திசைக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரமாகும். இரட்டைகளின் விவரத்தை எம்டிஆடத்தின் அமைப்புக் கோப்பில் எழுதி, துவக்க நினைவகப் படிமத்தையும் புதுப்பித்தல் வேண்டும். இல்லையேல் கரு எழுந்தும் தன் இல்லத்தைக் காணாது மயங்கும். இறுதியாகக் கிரப்பை முதல் வட்டிலும், மறவாது இரண்டாம் வட்டிலும் நிறுவுக. யூஇஎஃப்ஐ ஆயின் அதன் துவக்கப் பட்டியலில் இரண்டு வட்டையும் பதிக. யாம் மறந்தது இவ்வொரு படியையே.

சோதியாதது காவலன்று

வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர். கணிப்பொறியை நிறுத்தி, முதல் வட்டின் வடத்தைக் கழற்றிவிட்டுத் துவக்கிப் பாருங்கள். எழுந்ததா? பின்னர் அதனைப் பொருத்தி, மீண்டும் இரட்டையிற் சேர்த்து, ஒத்திசைவு முற்றும் வரை காத்திருங்கள். அதன்பின்னரே இரண்டாவதைக் கழற்றிச் சோதித்தல் வேண்டும். இடையே அவசரப்பட்டால் இரு வட்டும் வெவ்வேறு கதை சொல்லத் தொடங்கும். இரட்டையின் நிலையைக் கரு எப்பொழுதும் காட்டிக்கொண்டிருக்கும்: இரண்டு 'யு' எழுத்துக்கள் இருப்பின் நலம், ஒன்றின் இடத்தில் அடிக்கோடு தோன்றின் ஓர் உறுப்பு வீழ்ந்தது என்று அறிக. வீழ்ந்ததை மின்னஞ்சலால் அறிவிக்குமாறும் அமைக்கலாம். அமைக்காவிடின் முதல் வட்டு இறந்ததே தெரியாமல், இரண்டாவதும் இறக்கும் நாள் வரை மகிழ்ந்திருப்போம்.

ஓர் எச்சரிக்கை

கண்ணாடி தீமையையும் காட்டும். கோப்பொன்றைத் தவறி அழித்தால் அது இரண்டு வட்டிலும் அக்கணமே அழியும். இரண்டு வட்டும் ஒரே பெட்டியில் இருத்தலின் தீயும் வெள்ளமும் இடியும் இரண்டையும் ஒருங்கே கொள்ளும். 1981-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் சாம்பலாயின. ஒரே கூரையின்கீழ் எத்துணை அரிய செல்வம் இருப்பினும் என்? 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டமும் தமிழ் நூல்களை மின்வடிவாக்கி எங்கும் பரப்புதலின் பயன் இதனால் விளங்கும். ஆகவே இரட்டை வட்டு வேலை தடைப்படாமைக்கு. வேறிடத்து வைக்கும் மூன்றாம் படியே பண்டம் அழியாமைக்கு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

கிருஷ்ணன்கோவில் நண்பரின் கதையை முடிக்கவில்லையே! கைப்பெட்டியிற் கொண்டுசென்ற துவக்க யூஎஸ்பி ஒன்றால் அவர் கணிப்பொறியை எழுப்பி, இரண்டாம் வட்டிற் கிரப்பை நிறுவினோம். அன்று மாலையே ஆய்வேடுகள் அச்சாகிக் கட்டப்பெற்றன. பிள்ளைகள் அவற்றைப் பெற்றுச் சென்றனர். நடந்தது எதுவும் அவர்கள் அறியார். நண்பர் எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. "இனி வடத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் உம்மை ஊருக்கு அனுப்புவேன்" என்று மட்டும் சொன்னார். அச்சொல்லையே இதனைப் படிக்கும் மாணவ நண்பர்களுக்கும் யாம் விடுக்கின்றோம்.