சொல்லுக்கு வழிவிடும் முழக்கம்

கருங்கல் மண்டபத்தில் ஓதுவாரொருவர் பதிகம் பாடக் கேட்டோர், பாட்டு நின்ற பின்னும் ஒலி நில்லாது தூண்களிடையே சிறிதுபொழுது உலாவி அடங்குவதை உணர்ந்திருப்பர். பாட்டுக்கு ஒரு பெருமிதத்தை அளிப்பது அவ்வொலியே. ஆயினும், அம்மண்டபத்தின் கடைசித் தூணருகே இருப்பவரை நோக்கி, இப்பொழுது பாடப்பட்ட அடி யாது என வினவின், அவர் பெரும்பாலும் இடர்ப்படுவர். பண் அவர் செவிக்கு எட்டியது; சொல் எட்டவில்லை.

இந்நாளில் ஒலிப்பதிவாகி வரும் பக்திப் பாடல்கள் பலவற்றில் இக்குறையே மலிந்து காணப்படுகின்றது. சிறிய அறையொன்றிற் பாடியதைக் கணினியின் துணையாற் பெருமண்டபத்திற் பாடியதுபோல ஆக்குகின்றனர்; மண்டபம் வளர்கின்றது, சொல் தேய்கின்றது. எமது கல்லூரி மாணவரும் பழைய மாணவரும் வீட்டிலிருந்தே பாடல்களைப் பதிவு செய்யும் இக்காலத்தில், முழக்கத்தைச் சொல்லுக்கு அடங்கி நடக்கச் செய்யும் உபாயம் ஒன்றை ஈண்டு விளக்க விரும்புகின்றோம். ஒலிக்கலைஞர் இதனைச் 'சைட்செயின் டக்கிங்' என்பர். தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்பாருளராயின், சொல் கேளாதவிடத்துத் தமிழாசிரியருக்கு வேறு எவ்வேலையும் இல்லை என்பதே எமது விடை.

ஒலி காற்றில் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் செல்லும். 17 மீற்றர் தொலைவிலுள்ள சுவரிற் பட்டுத் தெறித்த ஒலி, செக்கனில் பத்திலொரு பங்கு கழித்து எம்மை வந்தடையும். அது தனித்துக் கேட்குமாயின் எதிரொலி எனப்படும். சுவர், தரை, கூரை என்பவற்றில் எண்ணிறந்த தெறிப்புக்கள் நிகழ்ந்து, பிரித்தறிய இயலாதவாறு ஒன்றோடொன்று கலப்பின் அது முழக்கமாகும். ஒலிப்பதிவில் முன்னதைப் போலச் செய்வது 'டிலே'. பின்னதைப் போலச் செய்வது 'றிவேர்ப்'. கணினி தோன்றுமுன் இவற்றுக்குப் பட்ட பாடு பெரிது. 1957 இல் வெளிவந்த ஈ.எம்.ரி. 140 என்னும் ஜேர்மன் கருவி, பெரியதோர் உருக்குத் தகட்டைச் சட்டத்தில் தொங்கவிட்டு அதிரச் செய்து முழக்கத்தை உண்டாக்கியது. அதனை இடம்பெயர்க்கப் பலர் கூடவேண்டும்.

முழக்கம் சொல்லை விழுங்கும் என்பதை அளந்து ஆராய்ந்தவர் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்துப் பௌதிக ஆசிரியர் வலஸ் சபீன். 1895 இல் அங்கே புதிதாகத் திறக்கப்பட்ட ஃபொக் கலைக்கூடத்து விரிவுரை மண்டபத்தில் விரிவுரையாளர் கூறியது எவர்க்கும் விளங்கவில்லை. அதன் காரணத்தை ஆராயுமாறு சபீன் பணிக்கப்பட்டார். ஊர் அடங்கிய இரவு வேளைகளில் ஓர்கன் குழல் ஒன்றை ஒலித்து நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தைக் கடிகாரங் கொண்டு அளந்தார். அயலிலிருந்த சாண்டேர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து பரப்பி, மீண்டும் மீண்டும் அளந்தார். வெறும் மண்டபத்தில் ஒலி அடங்க ஏறத்தாழ 5.5 செக்கன் சென்றது. பேசுவோர் பத்துச் சொல்லுக்குமேற் சொல்லிவிடக்கூடிய நேரம் அது. முதற்சொல் இறவாதிருக்கப் பத்தாஞ்சொல் பிறந்தால் எது விளங்கும்?

தமிழ்ச் சொல்லுக்கு இத்தீங்கு எவ்வாறு நேர்கின்றது என்பதை நோக்குவோம். கண்ணிமைக்கும் பொழுதும் கைந்நொடிப் பொழுதுமே மாத்திரை எனத் தொல்காப்பியம் வரையறுத்தது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. உயிரொலி நீண்டது, வலியது. மெய்யொலி குறுகியது, பெரும்பாலும் மெலியது. பாட்டிலோ உயிர் பல மாத்திரை நீள்கின்றது, மெய் நீள்வதில்லை. நீண்ட உயிரின் முழக்கம் அடங்குமுன் வரும் அரை மாத்திரை மெய், வெள்ளத்தில் வீழ்ந்த கூழாங்கல்லாகின்றது. பல்லி பள்ளியாவதும், மனம் மணமாவதும் இவ்விடத்தேயாம்.

முழக்கத்தை முற்றாக நீக்கிவிடலாமே எனின், பாட்டு வறண்டு, பாடகர் பெட்டிக்குள் நின்று பாடுவதுபோலத் தோன்றும். எப்பொழுதும் குறைத்து வைப்பின், அடிகளுக்கிடையே வரும் ஓய்வில் அது நிரப்பவேண்டிய இடமும் வெறுமையாய் நிற்கும். வேண்டுவது யாதெனின், பாடும்போது முழக்கம் தாழவும் பாடகர் மூச்சு வாங்கும்போது எழவும் வேண்டும். வானொலி அறிவிப்பாளர் பேசத் தொடங்கியதும் பின்னணி இசை தாழ்வதும், பேசி முடிந்ததும் எழுவதும் யாவரும் அறிந்ததே. அதனைக் கையாற் செய்யலாம். ஆயின் சொல்லுக்குச் சொல் கையாற் செய்வது அரிது.

இதனைத் தானே செய்வது 'கொம்பிறசர்' என்னும் ஒலியடக்கி. ஒலி ஓர் எல்லையைக் கடந்ததும் அதனை அமுக்குவது அதன் தொழில். வழக்கமாக அது தன்னூடு செல்லும் ஒலியையே நோக்கியிருக்கும். அதற்குப் பக்கவழி ஒன்றும் உண்டு; அவ்வழியாக வேறோர் ஒலியைக் கொடுப்பின், அவ்வேற்றொலியைப் பார்த்துத் தன்னூடு செல்வதை அமுக்கும். ஆசிரியர் வாய் திறந்ததும் வகுப்பு அடங்குவது போன்றது இது. (எல்லா வகுப்பும் அன்று.)

செய்முறை வருமாறு. றிவேர்ப்பைக் குரலின் தடத்திலேயே வையாது தனித்தடத்தில் வைத்து, குரலின் பிரதியை அங்கே அனுப்புக. அத்தடத்தில் முழக்கம் மட்டுமே வரவேண்டும். மூலக்குரல் சிறிதும் கலத்தலாகாது. றிவேர்ப்புக்குப் பின்னே கொம்பிறசரை வைத்து, அதன் பக்கவழிக்கு மூலக்குரலைக் கொடுக்க. முன்னே வைத்தல் தவறு. அவ்வாறாயின் முழக்கத்துட் புகும் குரலே அமுக்கப்படும். முன்னமே எழுந்துவிட்ட முழக்கம் தடையின்றி வரும். ஓய்விலே கேட்கவேண்டிய முழக்கமும் மெலியும்.

விகிதத்தை நாலுக்கு ஒன்றென வைத்தோமாயின், குரல் எல்லையை 8 டெசிபெல் கடக்கும்போது முழக்கம் 6 டெசிபெல் தாழும். அஃதாவது அலையின் வீச்சு ஏறக்குறையப் பாதியாகும். றிவேர்ப்புக்கு 3 முதல் 6 டெசிபெல் வரை பெரும்பாலும் போதுமானது. 'அற்றாக்' என்னும் தாழுங்காலம் 5 முதல் 20 மில்லிசெக்கன் வரை இருக்கலாம். 'றிலீஸ்' என்னும் மீளுங்காலமே நுட்பமானது. அது மிகக் குறுகின், ஒவ்வோர் அசைக்கிடையிலும் முழக்கம் தலைதூக்கி, துருத்தி ஊதுவது போன்ற ஓசை பிறக்கும். மிக நீளின் ஓய்வு கழிந்தபின்னரே முழக்கம் மீளும். 200 மில்லிசெக்கனிலே தொடங்கி, பாடலின் நடைக்கேற்பக் கூட்டியுங் குறைத்தும் கொள்க. சீர்களுக்கிடையே தாழ்ந்தே கிடந்து, அடியின் முடிவிலே எழுமாறு அமைப்பதே எமக்கு உவப்பானது.

டிலேக்கு இம்முறை இன்னும் பொருந்தும். ஏனெனின் டிலே சொல்லையே திருப்பிச் சொல்வதாகலின், மீண்டு வருஞ் சொல் அடுத்த சொல்லோடு நேரே மோதும். 1980களின் நடுப்பகுதியில் வெளிவந்த ரி.சி. எலெக்றொனிக் 2290 என்னும் டென்மார்க்குக் கருவி, வாசிப்பு நிற்கும்வரை எதிரொலியை அடக்கி வைக்கும் இவ்வமைப்பைத் தன்னகத்தே கொண்டிருந்தது. 60,000 ஐ ஒரு நிமிடத்துத் தட்டுக்களின் தொகையால் வகுத்தால் ஒரு தட்டின் நீளம் மில்லிசெக்கனில் வரும். 120 தட்டாயின் 500. அவ்வளவிலே டிலேயை வைத்து 8 அல்லது 10 டெசிபெல் வரை தாழ்த்தினும் குற்றமில்லை. அடியின் ஈற்றுச் சொல் மட்டும் தாளத்தோடு ஒலித்து அடங்கும்.

எமது ஊர்ப் பதிவுகளில் நேரும் இடையூறு ஒன்றுண்டு. பாடகரையும் மிருதங்கத்தையும் ஒரே மைக்கிற் பதிவு செய்தால், பாடகர் ஓய்ந்திருக்கும்போதும் மிருதங்கத்தின் அடி பக்கவழியிற் புகுந்து முழக்கத்தை அமுக்கும். குரலைத் தனியே பதிவு செய்தலே இதற்கு மருந்து. இடைவெளியின்றி ஓடும் துரித நடைப் பாட்டில் இவ்வுபாயம் அதிகம் பயன்படாது. முழக்கம் எழ ஓய்வில்லாதவிடத்துக் குறைந்த முழக்கத்தையே வைத்துக்கொள்ளலாம். விருத்தமாகப் பாடுவதற்கோ இதனினும் ஏற்றது வேறில்லை.

கலவை முடிந்தபின், அப்பாடலை முன்னர்க் கேட்டறியாத மாணவனொருவனை இருத்தி, சொல்வதெழுதுதல் போல எழுதச் செய்க. அவன் தடுமாறிய இடங்களைக் குறித்து, அங்கெல்லாம் முழக்கத்தை இன்னும் 2 டெசிபெல் தாழ்த்திப் பார்க்கலாம். அதன் பின்னும் ளகரம் லகரமாகவே அவன் காதில் விழுமாயின், கருவியை விட்டுப் பாடியவரை விசாரிக்க.