கோடம்பாக்கத்தில் கனவு செய்த தொழிற்சாலைகள்: மிஞ்சியதைக் காப்போமா?

சென்னையில் பஸ் ஏறி, "ஜெமினிக்கு ஒரு டிக்கெட்" என்று கேளுங்கள். கண்டக்டர் தயங்காமல் கொடுப்பார். ஆனால் அங்கே இறங்கிப் பாருங்கள். ஜெமினி இருக்காது!

மேம்பாலம் இருக்கும். 1973-ல் திறந்த அந்தப் பாலம்தான் சென்னையின் முதல் மேம்பாலம். அதன் பெயர் அண்ணா மேம்பாலம். பக்கத்தில் பெரிய ஓட்டல் இருக்கும். கார்கள் பறக்கும். ஜெமினி எங்கே?

ஜெமினி என்பது ஒரு தொழிற்சாலையின் பெயர். அங்கே துணி நெய்யவில்லை. சர்க்கரை காய்ச்சவில்லை. சினிமா எடுத்தார்கள்! எஸ்.எஸ்.வாசன் நடத்திய அந்த ஸ்டூடியோவில்தான் "சந்திரலேகா" 1948-லும், "ஔவையார்" 1953-லும் உருவாயின. பெரிய பெரிய முரசுகளின் மீது பெண்கள் ஆடிய நடனத்தை யார் மறப்பார்கள்? குழல் ஊதும் இரட்டைக் குழந்தைகளை யார் மறப்பார்கள்? தொழிற்சாலை போய்விட்டது. பெயர் மட்டும் நிற்கிறது.

குதிரைத் தோட்டம்

ஜெமினியைத் தாண்டி மேற்கே போனால் கோடம்பாக்கம். தியாகராய நகருக்கு அடுத்த ஊர். நவாபின் குதிரைத் தோட்டம் இங்கே இருந்தது, அதனால்தான் இந்தப் பெயர் என்று சொல்லுவார்கள்.

ஒரு காலத்தில் இது வெறும் கிராமம். தோப்பும் வயலுமாகக் கிடந்தது. அதுவே சினிமாவுக்கு வசதியாகப் போயிற்று. நிலம் மலிவு. சந்தடி இல்லை. பேசும் படம் எடுப்பவர்களுக்கு அமைதி வேண்டுமே! 1931 முதல் மின்சார ரெயிலும் ஓடியது. ஆட்கள் வந்து போவது சுலபம்.

ஏ.வி.மெய்யப்பன் காரைக்குடியில் நடத்தி வந்த ஏவி.எம். ஸ்டூடியோவை 1948-ல் இங்கே கொண்டு வந்தார். பக்கத்திலேயே விஜயா-வாஹினி இருந்தது. பிறகு பரணி, மெஜஸ்டிக், கோல்டன் என்று வரிசையாக வந்தன. கிராமம், தொழில் நகரம் ஆகிவிட்டது!

மேம்பாலம் கட்டுவதற்கு முன்பு, கோடம்பாக்கம் ரெயில்வே கேட்டில் எப்போதும் கூட்டம் நிற்கும். எதற்கு? கேட் மூடினால் நட்சத்திரங்களின் கார்கள் நிற்கும் அல்லவா? அவர்களை ஒரு கணம் பார்க்கத்தான்!

உள்ளே என்ன நடந்தது?

ஸ்டூடியோ என்றால் என்ன? வெளியிலிருந்து பார்த்தால் பெரிய நெல் கிடங்கு போல இருக்கும். ஜன்னல் கிடையாது. வெளிச்சமும் சத்தமும் உள்ளே வரக்கூடாது. சுவர்களில் சத்தத்தை உறிஞ்சும் மெத்தை போன்ற பொருளைப் பதித்திருப்பார்கள். உயரத்தில் மரப்பலகைகளால் பாதை போட்டிருப்பார்கள். அதன் மேல் விளக்குகள். அந்த அனலில், தலைக்கு மேலே, விளக்குத் தொழிலாளிகள் மணிக்கணக்கில் நிற்பார்கள்.

கீழே தச்சர்கள் அரண்மனை கட்டுவார்கள். தூண் பார்க்கக் கல் போல இருக்கும். தட்டிப் பார்த்தால் மரமும் சுண்ணாம்பு மாவும்தான்! ஓவியர்கள் திரையில் மலையையும் வானத்தையும் தீட்டுவார்கள். தையற்காரர் ராஜாவின் அங்கியைத் தைப்பார். எடுத்த படச்சுருளை இருட்டறையில் கழுவுவார்கள். இத்தனையும் ஒரே மதில் சுவருக்குள்!

"மாயா பஜார்" 1957-ல் வந்தது. நிலா வெளிச்சத்தில் படகு போகும் காட்சி நினைவு இருக்கிறதா? அந்த நிலவொளியில் பெரும்பகுதி வாஹினி ஸ்டூடியோவுக்குள் விளக்கால் செய்தது! செய்தவர் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லே.

ஏன் மூடினார்கள்?

1977-ல் "16 வயதினிலே" வந்தது. கேமரா நிஜமான கிராமத்துக்கே போயிற்று. ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது. அதன் பிறகு அட்டைக் கிராமம் எதற்கு?

தெலுங்குப் படத் தொழில் ஐதராபாத்துக்குப் போனது. நிலத்தின் விலையோ வானத்தைத் தொட்டது. கடைசியில் டிஜிட்டல் கேமரா வந்தது. படச்சுருளே வேண்டாம் என்று ஆயிற்று. சுருள் கழுவும் கூடங்களுக்கு வேலை இல்லை.

வாஹினி நிலத்தில் இன்று ஆஸ்பத்திரி இருக்கிறது. 2013-ல் திறந்த பெரிய வணிக வளாகமும் இருக்கிறது. அங்கே போகும் குழந்தைகளுக்கு, "மிஸ்ஸியம்மா" எடுத்த இடம் இது என்று தெரியுமா? "அம்புலிமாமா" பத்திரிகையை 1947-ல் தொடங்கிய நாகி ரெட்டியின் ஸ்டூடியோ இது என்று தெரியுமா?

சேலத்தைப் பாருங்கள். டி.ஆர்.சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ், தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான "ஆலிபாபாவும் 40 திருடர்களும்" என்ற படத்தை 1956-ல் தந்தது. இன்று ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. வீடு போய் வாசற்படி மிஞ்சியது போல!

மிஞ்சியது என்ன?

வடபழனியில் ஏவி.எம். வாசலில் உலக உருண்டை இன்னும் இருக்கிறது. சிவாஜி கணேசன் "பராசக்தி"க்காக முதன்முதலில் கேமரா முன் நின்று, "சக்சஸ்" என்று சொன்னார். அந்த இடத்தில் ஒரு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். 2023 மே மாதம் அங்கே ஒரு பாரம்பரியக் காட்சியகமும் திறந்தார்கள். பழைய கார்கள், கேமராக்கள், படப்பிடிப்புக் கருவிகள் எல்லாம் அதில் இருக்கின்றன. குடும்பத்தோடு போய்ப் பார்க்கலாம்.

ஆனால் ஒரு காட்சியகம் போதுமா?

"பழைய கட்டிடம் சோறு போடுமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நிலம் சொந்தக்காரருடையது. வரி கட்ட வேண்டும். பழுது பார்க்க வேண்டும். சும்மா பூட்டி வைத்தால் எந்தக் கட்டிடமும் இடிந்து போகும்.

இதற்குப் பதில் மெரினா கடற்கரையிலேயே இருக்கிறது. ஐஸ் ஹவுஸ்! அமெரிக்காவில் உறைந்த ஏரிகளை வெட்டிக் கப்பலில் கொண்டு வந்த ஐஸ் கட்டியைச் சேமிக்க, 1842-ல் கட்டிய கிடங்கு அது. ஐஸ் செய்யும் இயந்திரம் வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. கட்டிடத்தை இடித்தார்களா? இல்லை. பிலிகிரி ஐயங்கார் வாங்கி வீடாக்கினார். 1897-ல் சுவாமி விவேகானந்தர் 9 நாள் அங்கே தங்கினார். பிறகு விதவைப் பெண்கள் தங்கிப் படிக்கும் விடுதி ஆயிற்று. இன்று அது விவேகானந்தர் இல்லம். வேலை மாறியது. கட்டிடம் பிழைத்தது!

ஜெர்மனியில் எஸ்ஸென் நகரில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தை 1986-ல் மூடினார்கள். இரும்புக் கோபுரத்தைப் பழைய இரும்புக்கு விற்கவில்லை. காட்சியகம் ஆக்கினார்கள். 2001-ல் அது உலகப் பாரம்பரியச் சின்னம் ஆகிவிட்டது. சுரங்கத்துக்கே அந்த மரியாதை என்றால், கோடி ஜனங்களைச் சிரிக்கவும் அழவும் வைத்த இடத்துக்கு என்ன மரியாதை தர வேண்டும்?

தமிழ்நாட்டில் 2012-ல் பாரம்பரிய ஆணையச் சட்டம் நிறைவேறியது. கோவிலும் கோட்டையும் மட்டும்தான் பாரம்பரியமா? தொழிலாளி வியர்வை சிந்திய கொட்டகையும் பாரம்பரியம்தான்.

நாம் என்ன செய்யலாம்?

தமிழ் பேசிய முதல் படமான "காளிதாஸ்" 1931-ல் வந்தது. அதன் பிரதி இன்று கிடைக்கவில்லை. அலட்சியத்தால் போனது போனதுதான். அந்தத் தவறு இனி வேண்டாம்.

எல்லாக் கட்டிடத்தையும் காக்க முடியாது. ஒரு படப்பிடிப்புத் தளத்தையாவது விளக்குப் பாதையோடு அப்படியே வைக்கலாம். மற்ற இடங்களில், "இங்கே இன்ன ஸ்டூடியோ இருந்தது" என்று ஒரு கல் நடலாம். அதற்கு அதிகம் செலவில்லை.

நட்சத்திரங்களின் பெயரை நாடே சொல்லும். தச்சரின் பெயரை யார் சொல்வது? விளக்குப் பிடித்தவரின் பெயரை யார் சொல்வது? அவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. உங்கள் வீட்டில் தாத்தாவோ, பெரியப்பாவோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தவரா? இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே! பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். என்ன வேலை, எந்தப் படம், என்ன கூலி என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பழைய படங்கள் இருந்தால், பின்புறம் பெயரும் வருடமும் குறித்து வையுங்கள்.

கல் நடுவது சர்க்கார் கையில். நோட்டில் எழுதுவது உங்கள் கையில்!