பீட்டில்ஸையே கீழே இறக்கிய பள்ளிக்கூடப் பசங்க!

தாராபுரம்:
கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஆர்க்கெஸ்ட்ராவுக்குக் கிளம்பும் மகனைப் பார்த்து, "இது சோறு போடுமாடா?" என்று கேட்காத அப்பா தாராபுரத்தில் உண்டா? அந்த அப்பாக்கள் சிங்கப்பூரில் நடந்த இந்தக் கதையைப் படிக்கணும்.

1961-ம் வருஷம். சிங்கப்பூர் குயின்ஸ்டவுன் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஒரு இசைக்குழு தொடங்கினார்கள். பெயருக்காக மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. பள்ளிப் பத்திரிகையின் பெயரையே எடுத்து 'தி குவெஸ்ட்ஸ்' என்று வைத்துவிட்டார்கள்.

முதல் இடம்

1964-ல் இ.எம்.ஐ. கம்பெனி இவர்களது 'ஷாண்டி' இசைத்தட்டை வெளியிட்டது. அதில் பாட்டுக் கிடையாது. வெறும் கிட்டார், டிரம்ஸ்தான். ஊர் உலகமே பீட்டில்ஸ் பின்னால் ஓடிய நேரம் அது. அந்த பீட்டில்ஸ் பாட்டையே இறக்கிவிட்டு, சிங்கப்பூர் ஹிட் வரிசையில் 'ஷாண்டி' முதலிடத்தைப் பிடித்தது! உள்ளூர்க் குழு ஒன்று அந்த இடத்தைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

ஒன்பதே வருஷம்

நடுவில் ஆட்கள் மாறினார்கள். 1970-ல் குழு கலைந்தது. அடுத்து வந்த வருஷங்களில், நீள முடி வளர்த்த ஆண்களுக்கு அரசு அலுவலகங்களில் கடைசியில்தான் கவனிப்பு என்று சிங்கப்பூரில் போஸ்டரே ஒட்டினார்கள்.

குழு கலைந்தாலும் கற்ற வித்தை கைவிடவில்லை. கிட்டார் வாசித்த ரெஜி வர்கீஸ், அதே இ.எம்.ஐ.யில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஆனார். சின்ன வயசில் கையில் எடுத்த கிட்டார்தான் அவருக்குச் சோறு போட்டது!