கடலில் வந்த பெட்டியும் கடலை விதையும்

செய்யாற்றை அடுத்த எங்கள் நிலத்தில் மூன்று ஆண்டுகளாக ஓர் இரும்புப் பெட்டி நிற்கிறது. கப்பலில் சரக்கு ஏற்றி ஓய்ந்த இருபதடிக் கொள்கலன் அது. சென்னை மணலிப் பக்கம் பழைய கன்டெய்னர் விற்கும் ஒருவரிடம் வாங்கினேன். கருவிகளை வைக்கவும், விளைச்சலைச் சேமிக்கவும், களையெடுக்க வரும் பெண்கள் உச்சி வெயிலில் ஒதுங்கவும், எப்போதாவது நான் இரவு தங்கவும் ஒரே கட்டடம் போதும் என்பது என் கணக்கு. நான்கில் ஒன்றுதான் முழுமையாக நிறைவேறியது. பண்ணை நிலங்களுக்கு மலிவான, பசுமையான கட்டடம் என்று இதற்குப் பலத்த விளம்பரம் நடக்கும் நேரத்தில், மற்ற மூன்றின் கதையையும் சொல்லத்தான் வேண்டும்.

மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, 1956 ஏப்ரலில் 58 பெட்டிகளை ஒரு கப்பலில் அடுக்கி நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பியதில் இந்த வணிகம் தொடங்கியது. எளிதில் துருவேறாத கலப்பு எஃகினால் ஆன இருபதடிப் பெட்டியின் வெற்று எடை ஏறத்தாழ 2.2 டன். அதன் வலிமை முழுவதும் நான்கு மூலைத் தூண்களில் இருக்கிறது. கப்பலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது சுமை அவற்றின் வழியாகத்தான் இறங்கும். சுவரோ 2 மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத தகடு; அதன் மடிப்புகளே அதற்கு விறைப்பைத் தருகின்றன. இதை அறியாமல் பக்கச் சுவரில் அகலமான கதவுக்கு இடம் வெட்டினேன். சில வாரங்களில் மேல் விளிம்பு தொய்ந்தது. சதுரக் குழாயில் சட்டம் செய்து பற்றவைத்த பிறகே நிமிர்ந்தது. அந்தச் செலவு எந்த விளம்பரத்திலும் இல்லை. ஊர்ச்சாலையில் தாழ்வாகத் தொங்கும் மின்கம்பிகளுக்குக் கீழே டிரெய்லரும் கிரேனும் வந்து சேர்ந்த செலவும் அப்படியே. நாற்பதடிப் பெட்டியாக இருந்திருந்தால் குளத்தங்கரைத் திருப்பத்திலேயே நின்றிருக்கும்.

இவையெல்லாம் பணத்தோடு போனவை. விதை விஷயம் அப்படியல்ல.

மார்கழிப் பட்டத்து நிலக்கடலையைச் சித்திரையில் அறுவடை செய்த பக்கத்து நிலத்துக்காரர், ஆடிப் பட்டத்துக்கு வேண்டிய விதைக் காய்களை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் எலித்தொல்லை. என் பெட்டியில் எலி நுழைய முடியாது, மழை ஒழுகாது, பூட்டும் உண்டு. நான்தான் வற்புறுத்தி வைக்கச் சொன்னேன். ஆடியில் விதைத்தபோது பத்துக்கு நான்குகூட முளைக்கவில்லை. சான்று பெற்ற நிலக்கடலை விதைக்கு 70 விழுக்காடு முளைப்புத்திறன் கட்டாயம். விதைப்பதற்கு முன் நூறு பருப்பை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அவரும் பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை.

காரணம் எளிது. மண்சுவரும் செங்கல் சுவரும் வெப்பத்தை மெல்ல வாங்கி மெல்ல விடுகின்றன. மெல்லிய தகடு வெயிலை அப்படியே உள்ளே கடத்துகிறது. அக்னி நட்சத்திரத்தில் பெட்டியின் உட்சுவரில் கை வைக்க முடியாது. விதைச் சேமிப்பில் ஒரு பொது விதி உண்டு: வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் கூடும்போதெல்லாம் விதையின் ஆயுள் பாதியாகும். இதோடு, சரியாகக் காயாத காய்களிலிருந்து பகலில் எழும் ஈரம், இரவில் குளிர்ந்த கூரைத் தகட்டில் நீராகப் படிந்து மூட்டைகளின் மீதே சொட்டும். எலியைத் தடுத்த அதே அடைப்பு காற்றையும் தடுத்துவிட்டது. களையெடுக்கும் பெண்கள் முதல் நாளே உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வேப்பமரத்தடிக்குப் போனார்கள். அவர்களைக் கேட்டிருக்க வேண்டும்.

இரவுத் தங்கலை நானே கைவிட்டேன். கொள்கலனின் ஒட்டுப்பலகைத் தரைக்குப் பூச்சி அரிக்காமலிருக்க மருந்து ஏற்றுவது வழக்கம். கதவிலுள்ள உலோகத் தகட்டில் அந்த விவரமும் தயாரிப்பு நாளும் இருக்கும். வாங்குவோர் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். என் பெட்டியில் அந்தத் தகட்டையே கழற்றியிருந்தார்கள். மின்சாரம் இழுப்போர் பெட்டியின் உடலையே நில இணைப்போடு சேர்த்து, மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் கருவியையும் பொருத்த வேண்டும். ஒரு கம்பி உரசினால் முழுக் கட்டடமும் மின்சாரமாகிவிடும்.

பசுமைக் கட்டடம் என்ற பேச்சிலும் எனக்கு ஐயம் உண்டு. ஒரே ஒரு பயணம் போன புத்தம்புதிய பெட்டியையும் மறுசுழற்சி என்றே விற்கிறார்கள். கருவிக் கொட்டகைக்கு இரண்டு டன் எஃகு தேவையே இல்லை. பழைய எஃகை உருக்கி மீண்டும் கம்பியாக்கும் தொழில் நம்மிடம் நன்றாகவே நடக்கிறது.

ஆனாலும் பெட்டியை விற்கவில்லை. நான்கு மூலைகளுக்கும் கான்கிரீட் மேடை அமைத்துத் தரையிலிருந்து உயர்த்தினேன். மேலே இரண்டடி இடைவெளி விட்டுத் தனித் தூண்களில் கீற்றுக்கூரை போட்டேன். எதிரெதிர்ச் சுவர்களின் உச்சியில் வலையடித்த காற்றுத்துளைகள் வைத்தேன். வெப்பத்தடுப்புப் பலகையை உள்ளே ஒட்டச் சொன்னார்கள். உட்புற அகலமே ஏழே முக்கால் அடிதான் என்பதால் மறுத்துவிட்டேன். வெயில் ஊரில் நிழலைச் சுவருக்கு வெளியே கட்டுவதே முறை. கூரையை இருபுறமும் எட்டடி நீட்டியதில் திண்ணைபோல ஓர் இடம் கிடைத்தது. பெண்கள் இப்போது அங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

உள்ளே மண்வெட்டிகளும் சொட்டுநீர்க் குழாய்களும் இருக்கின்றன. விதைக்கான பணத்தைக் கொடுத்தபோது பக்கத்து நிலத்துக்காரர் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். இவ்வாண்டு விதைக் காய்களைத் தம் ஓட்டுவீட்டுப் பரணிலேயே ஏற்றியிருக்கிறார். எலிக்கு ஒரு பூனை வளர்க்கிறார்.